மருதம்மாளின் ‘பரவாயில்லை’

மலாயாவில் குருணுக்கு அருகே எங்கள் ரப்பர் தோட்டத்தில் மருதம்மாள் பால் வெட்டிய மர நிரைகள் சமதரையில் இருந்தன. பால் நிறுக்கும் இடமும் பக்கம். வயிற்றில் கட்டி எடுக்க அவர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியபோதே கங்காணி சொல்லிவிட்டார்: “பதினாலு நாளு பாப்பேன். காலைல பேர் கூப்பிடுற பிரட்டுக்கு வந்து நிக்கலேன்னா வேற ஆளுக்கு விட்டுருவேன். அப்புறம் ஒனக்கு மலை நிரைதான்.”

மலை நிரை என்றால் பால் வாளியோடு சரிவில் இறங்க வேண்டும். வெட்டித் தைத்த வயிற்றோடு அது ஆகிற காரியமா?

ஆகவே மருதம்மாள் படுக்கவில்லை. மூன்றாம் நாளே கட்டிலைப் பிடித்துக்கொண்டு நடந்தார். சன்னல் வரை போவார், திரும்புவார், விரல் மடக்கி நாள் எண்ணுவார், மறுபடி சன்னலுக்குப் போவார்.

“ஒக்காருடி மருதம்மா! ஒன்னயப் பாத்து எனக்குத் தலை சுத்துது,” என்று பக்கத்துக் கட்டில் அழகம்மா கத்துவார்.

அந்த மாதம் வெள்ளைக்காரப் பெரிய டாக்டர் நோயாளிகளின் வயிற்றில் காந்தப் பட்டி கட்டிச் சோதித்துக்கொண்டிருந்தார். அறுவைக்குப் பிறகு வரும் வலியைக் காந்தம் குறைக்குமா என்று பார்க்க மருதம்மாளையும் சேர்த்து எட்டுப் பெண்களைத் தேர்ந்தெடுத்திருந்தார். நால்வரின் பட்டியில் காந்தத் துண்டுகள். மற்ற நால்வருக்கு அதே எடையில் ஈயம். யாருக்கு எது என்று அவர் சொல்லவில்லை. காலையில் ஒவ்வொருவரிடமும் வலியைப் பற்றிக் கேட்டு அவருக்கு ஆங்கிலத்தில் சொல்வது, இரண்டு மொழியும் படித்த, தோட்டக் கணக்கு எழுதும் கிராணியின் மகளான என் வேலை.

பட்டி கட்டிய இரண்டாம் நாளே ரகசியம் உடைந்தது. அழகம்மா குனிந்தபோது தாலிக்கயிற்றில் மாட்டியிருந்த ஊக்குகள் பட்டியில் போய் ஒட்டிக்கொண்டன.

“அடியே, வெள்ளக்காரன் பட்டி என் தாலிய இழுக்குதுடி!”

வார்டே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது, தையல் வலிக்க வலிக்க. பிறகு எல்லோரும் தங்கள் ஊக்கை வைத்துப் பார்த்தார்கள். மருதம்மாளின் பட்டி எதையும் இழுக்கவில்லை.

“ஒனக்குச் சும்மா ஈயம்லா!”

“ஈயமோ இரும்போ, எனக்குப் பிரட்டுக்குப் போவணும்.”

டாக்டரிடம் இதை நான் சொல்லவில்லை. தாலி விஷயத்தை அவரிடம் எப்படிச் சொல்வதென்று கூச்சமாக இருந்தது.

தினமும் கேட்டேன்: “வலி எப்படி இருக்குக்கா?”

“பரவாயில்ல தங்கச்சி.”

குறைந்திருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். டாக்டர் எழுதிக்கொண்டார். எட்டு நாளும் அதே கேள்வி, அதே பதில், அதே எழுத்து.

பதினோராம் நாள் டாக்டர் நோட்டைப் புரட்டி, இந்தப் பெண் வீட்டுக்குப் போகலாம் என்றார். நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் மருதம்மாள் துணி மூட்டையைக் கட்டத் தொடங்கிவிட்டார். முடிச்சுப் போடும்போது கை நின்றது. நெற்றியெல்லாம் வியர்வை. நான் அருகே போய் மெதுவாகக் கேட்டேன்:

“அக்கா, வலிக்குதா?”

“வலிக்காம? உசுரு போவுது. அதான் பரவாயில்லேன்னு சொல்றேனே, பொறுத்துக்குவேன். நீ சும்மா இரு.”

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அந்தச் சொல்லை நான் ஆங்கிலத்தில் தவறாகச் சொல்லிவந்தேன் என்று டாக்டரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் பட்டியை அவிழ்த்தார். அடியில் தையல் சிவந்து சீழ் கட்டியிருந்தது. எட்டுப் பேரிடமும் மறுபடி கேட்கச் சொன்னார். இந்த முறை வலிக்கிறதா இல்லையா என்று மட்டும். ஆறு பேர் வலிக்கிறது என்றார்கள், காந்தம் கட்டியவர்களும்தான். டாக்டர் அத்தனை பக்கங்களையும் குறுக்கே அடித்தார்.

மருதம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

“ஒன்னய யாரு கேட்டா, தங்கச்சி?”

இருபத்தாறாம் நாள் அவர் தோட்டத்துக்குத் திரும்பினார். சமதரை நிரைகளை வேறொருவர் வெட்டிக்கொண்டிருந்தார். மருதம்மாளுக்கு மலைதான். இரண்டு வாளியை ஒன்றாகத் தூக்க முடியாமல், ஒன்றை இறக்கி வைத்துவிட்டு மற்றதற்காக மறுபடி ஏறுவார்.

எங்கள் வீட்டைத் தாண்டும்போது நான் கேட்பேன். அந்தப் பழைய சொல்லை அவர் அதன்பின் என்னிடம் சொன்னதே இல்லை.

“வலிக்குது,” என்பார். வாளியைக் கை மாற்றிக்கொண்டு நடப்பார்.