மாவுக்கட்டில் இருந்த தேதி

ஆவடி குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறோம். என் கணவருக்குத் தொழிற்சாலையில் வேலை. பருத்திப்பட்டு ஏரியோரம் வாக்கிங் போனவரை ஒரு கார் இடித்து, கணுக்கால் முறிந்துவிட்டது. போலீசில் அன்றே புகார் கொடுத்தோம். நஷ்டஈட்டு வழக்குதான் பாக்கி.

“கேஸ் எப்போங்க போடுறது?” என்று கேட்கும்போதெல்லாம், “ஆறு மாசம் டைம் இருக்கு. நான் திரும்ப டூட்டியில சேர்ந்த நாள்லேர்ந்துதான் கணக்கு” என்பார். தொழிற்சாலையில் எல்லாமே அப்படித்தானாம். பிரித்த மாவுக்கட்டைச் சாட்சிக்கு வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கிவந்து பரணில் வைத்தார். அதற்காக என் இட்லிக் குண்டான் கீழே இறங்கியது.

என் நச்சரிப்பு தாங்காமல் ஒருநாள் அந்த மாவுக்கட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, என்னோடு பூந்தமல்லி வக்கீல் ஆபீசுக்கு வந்தார். குமாஸ்தா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விபத்து நடந்த அன்றே பார்க்க வந்த சக ஊழியர்கள், வேலைப் பழக்கத்தில் அதன்மேல் தேதியோடு கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

“இன்னா சார், அடிபட்ட நாள்லேர்ந்துதான் ஆறு மாசம்! இந்தத் தேதியப் பாத்தா இன்னும் மூணு நாள்தான் கீது!”

என் கணவர் ஜெராக்ஸ் கடைக்கு ஓடிய ஓட்டத்தை எதிர்த்தரப்பு வக்கீல் பார்த்திருந்தால் கேஸே நின்றிருக்காது. மறுநாளே மனு தாக்கலானது.

இப்போது வீட்டில் யார் அடிபட்டாலும் முதலில் காலண்டரில் தேதியை வட்டமிடுகிறேன். போன வாரம் அவர் பாத்ரூமில் வழுக்கி விழுந்தபோதும் பேனாவைத்தான் தேடினேன்.

“யார் மேலடி கேஸ் போடப்போற, சோப்பு மேலயா? வந்து தூக்கு!”