ரோஸ் மருந்து

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. வாய்க்காலில் தண்ணீர் எதிர்த்து ஏறுவது மாதிரி, அவளுக்குச் சிறுநீர் கிட்னிக்கே திரும்பி ஏறிக்கொண்டிருந்தது. அடிக்கடி காய்ச்சல். ஆபரேஷன் செய்யாவிட்டால் கிட்னி கெட்டுவிடும் என்று தஞ்சாவூர் டாக்டரம்மா சொல்லிவிட்டார். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் கணவர் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கி வலங்கைமானுக்கு வந்து சேர்ந்தார். வீட்டில் இன்னொரு பெரிய ஆள் செருப்பு கிடப்பதே எனக்குப் பாதி தெம்பு.

ஆபரேஷன் நேரத்தில் சிறுநீரில் கிருமி இருக்கக் கூடாது. அதைப் பார்க்க கல்ச்சர் டெஸ்ட் எடுத்தோம். கிருமி இல்லை என்று ரிசல்ட் வந்தது. பை, பக்கெட், ஃபிளாஸ்க் சகிதம் அட்மிட் ஆனோம்.

டாக்டரம்மா வந்து, “நடுவுல காய்ச்சல் வந்துச்சா? வேற மருந்து ஏதாச்சும் குடுத்தீங்களா?” என்று கேட்டார்.

“இல்லைங்க” என்றேன்.

“அப்பா ரோஸ் மருந்து குடுத்தாங்களே! இனிப்பா இருந்துச்சு” என்றாள் மகள், பெருமையாக.

பக்கத்தில் நின்ற என் கணவர் முகம் செத்துப்போனது. நான் திருவிடைமருதூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த அன்று அவளுக்கு உடம்பு சுட்டிருக்கிறது. காய்ச்சல் என்று சொன்னால் ஆபரேஷன் தள்ளிப்போகும், லீவு முடிந்துவிடும். எங்கள் ஊர் மெடிக்கலில் யார் டாக்டர் சீட்டு கேட்கிறார்கள்? ஆன்டிபயாடிக் சிரப் வாங்கி, டெஸ்ட் வரைக்கும் ஊற்றியிருக்கிறார். என்னிடம் மூச்சு விடவில்லை.

டாக்டரம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. “அந்த மருந்து கிருமிய அமுக்கி வச்சிருக்கலாம்ங்க. இந்த ரிசல்ட்ட நம்பி ஆபரேஷன் பண்ணா ரத்தத்துல பரவிடும். மருந்தோட வேகம் போனதும் மறுபடி டெஸ்ட் எடுக்கணும்” என்றார்.

மறு டெஸ்ட்டில் கிருமி இருந்தது. அதுவும் ரோஸ் மருந்து பழகி, இனி அதற்கு மசியாத கிருமி. அதற்கேற்ற மருந்து கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அவர் லீவு முடிந்தது. மகளுக்கு முத்தம் கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே காரில் ஏறினார். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். எங்களோடு இருக்கத்தானே இந்தக் கூத்தெல்லாம் செய்தார் என்று நினைத்தால் அழுகையும் வந்தது.

ஆபரேஷன் அன்று சம்பா நடவு. சொந்தக்காரர்கள் ஒருவரும் வர முடியவில்லை. மயக்கம் கொடுத்ததும் ஒரே ஒரு ஆன்டிபயாடிக் ஊசி போடுவோம், சரியான நேரத்தில் போட்டால் அதுவே போதும் என்று நர்ஸ் சொன்னார். அவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டேன். தியேட்டர் கதவு மூடியது. ஒரு காபி குடிக்கப் போகலாமென்றால் பையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அந்த வராண்டாவில் என்னைப் போல அநாதை யாரும் இல்லை என்று தோன்றியது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலையில் டாக்டரம்மா, “எங்கடா கண்ணு வலிக்குது?” என்று குனிந்து கேட்டார். மகள் உதட்டை இறுக்கிக்கொண்டு, இல்லை என்று தலையை ஆட்டினாள். கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வழிந்தது.

“டாக்டர்கிட்ட சொல்லணும்டி செல்லம். சொன்னாத்தானே சரி பண்ணுவாங்க” என்றேன்.

என் கழுத்தைக் கட்டி இழுத்து, காதுக்குள் கேட்டாள்.

“ரோஸ் மருந்தச் சொன்னேன், அப்பா போயிட்டாங்க. இதச் சொன்னா நீயும் போயிடுவியாம்மா?”