மருந்து குறைத்த தோட்டா

என் கணவர் இறந்த மறு வாரமே அவருடைய வேட்டைத் துப்பாக்கியைக் கொண்டுபோய்ப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்தேன். லைசென்ஸ் அவர் பெயரில் இருந்தது. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று உறவுக்காரர்கள் நினைத்தார்கள். நான் நினைக்கவில்லை.

சுங்காய் ஊரிலிருந்து உள்ளே தள்ளி, பழைய ரப்பர் தோட்டத்தை ஒட்டி எங்களுக்கு ஒரு துண்டு நிலம். மரவள்ளி, வாழை, ஓரத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் கன்றுகள். தோட்டத்தில் பால்வெட்டு நின்று, தொழிலாளர் லயங்களில் பாதி வீடுகள் காலியாகி, சுற்றிலும் புதர் ஏறியதிலிருந்து காட்டுப்பன்றிகளுக்கு எங்கள் வேலி ஒரு பொருட்டே இல்லை. ஒரு கூட்டம் வந்து போனால் மரவள்ளிப் பாத்தி ஏர் ஓட்டிய மாதிரிக் கிடக்கும். நட்ட கன்றுகளின் குருத்தைத் தின்றுவிட்டு மிச்சத்தைப் பிடுங்கிப் போட்டிருக்கும்.

துப்பாக்கியை என் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லி விண்ணப்பித்தேன். மனுவை வாங்கிய அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மகன் யாரும் இல்லையா என்று மலாயில் கேட்டார். மகள்தான், ஈப்போவில் வேலை செய்கிறாள், நிலம் என் பெயரில் இருக்கிறது, பன்றிகள் மகன் இருக்கிறானா என்று கேட்டுவிட்டு வருவதில்லை என்று நானும் மலாயிலேயே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மாதக்கணக்கில் அலையவிட்டார்கள். நானும் விடவில்லை. கடைசியில் லைசென்ஸ் வந்தது. ஈப்போவில் முறையாகச் சுடப் பழகிக்கொண்டு வந்தேன்.

இதில் அதிகம் புண்பட்டவர் என் கொழுந்தனார், கணவரின் தம்பி. சிம்பாங் பூலாயில் ஒரு டயர் கடையில் வேலை. அண்ணனின் துப்பாக்கி தனக்குத்தான் வரும் என்று கூட்டாளிகளிடம் சொல்லிவைத்திருந்தார். வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் நான் முதல் முறை சுட்டுத் தோள் கன்றிப்போய்த் தைலம் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்துவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார். உள்ளே தோட்டாக்கள். கடையில் கழித்துப் போட்ட, சக்கரம் ஆடாமலிருக்கப் பொருத்தும் ஈயக் கட்டிகளை உருக்கித் தானே குண்டு வார்த்திருக்கிறார். யாரிடமோ வாங்கிய தோட்டாக்களைப் பிரித்து, வெடிமருந்தைக் குறைத்து, தன் குண்டை வைத்து மூடியிருக்கிறார்.

"அண்ணி, இதுல மருந்து கம்மி. சத்தமும் கம்மி, தோள்லயும் இடிக்காது. பொம்பளைங்களுக்கு இது போதும்லா" என்றார்.

"எனக்குப் போதுமாங்கிறது இருக்கட்டும் தம்பி. பன்னிக்குப் போதுமா?" என்று கேட்டேன்.

வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் தங்கள் ரைஃபிள்களுக்கு இப்படித்தான் செய்துகொள்கிறார்கள் என்று போனில் வீடியோ காட்டினார். பார்த்தேன். அவர்கள் காகித அட்டையைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கு அவர்கள் நாட்டில் அனுமதி இருக்கிறது. இங்கே இந்த டின் கையில் இருந்தாலே உள்ளே தள்ளிவிடுவார்கள், நான் அலைந்து வாங்கிய லைசென்ஸும் போய்விடும் என்றேன். டின்னை மூடி அவர் மோட்டார் சைக்கிள் கூடையில் நானே கொண்டுபோய் வைத்தேன். உருக்கிய ஈயத்தையெல்லாம் ஆற்றில் போடாமல் கடையிலேயே கொடுத்துவிடச் சொன்னேன். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

அந்தத் தோட்டாக்களில் சிலவற்றை அவர் தன் கூட்டாளி ஒருவரிடம் கொடுத்திருக்கிறார். அந்த ஆளிடம் லைசென்ஸ் துப்பாக்கி இருந்தது. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒரு காலை, பிள்ளைகள் பள்ளிப் பேருந்துக்கு நிற்கும் நேரம். லயத்திலிருந்து போன் வந்தது. பெரிய ஆண் பன்றி ஒன்று அடிபட்டு, கடைசி வீட்டுக்குப் பின்னால் கால்வாயில் கிடக்கிறது, கிட்டப் போனால் பாய்கிறது என்றார்கள். முதலில் போலீசுக்குச் சொன்னேன். வருகிறோம், நீங்கள் போய் ஆட்களைத் தள்ளி நிறுத்துங்கள் என்றார்கள். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனேன்.

பிள்ளைகளை வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தச் சொன்னேன். கால்வாய்க்கு அந்தப் பக்கம் மண்மேடு, அதற்குப் பின்னால் ஆள் நடமாட்டமில்லாத புதர். அந்தத் திசையைப் பார்த்தபடி நின்றேன். பன்றியின் முன்னந்தோளில் ஒரு புண், சீழ் வைத்து ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. எத்தனையோ நாள் பட்ட வேதனை அது. எனக்கு அதன்மேல் கோபம் வரவில்லை. அதை இப்படி அரைகுறையாகச் சுட்டுவிட்டுப் போனவர்மேல்தான் வந்தது. போலீஸ் வரும்வரை காத்திருக்கத்தான் நினைத்தேன். அது காத்திருக்கவில்லை. கால்வாயிலிருந்து எம்பி நேராக என்னைப் பார்த்து வந்தது. சுட்டேன். என் காலடிக்குச் சற்று முன்னால் மண்ணில் முகம் புதைத்து விழுந்தது.

போலீசோடு வனவிலங்குத் துறை ஆட்களும் வந்தார்கள். பழைய புண்ணைக் கீறிப் பார்த்தபோது, கொழுப்பைத் தாண்டிப் போக முடியாமல் நசுங்கிக் கிடந்தது ஒரு ஈயக் குண்டு. கடைச் சரக்கு இல்லை என்று பார்த்ததுமே சொல்லிவிட்டார்கள். இது யாருடையது என்று என்னைக் கேட்டார்கள். என்னுடையது இல்லை என்றேன். என் துப்பாக்கியையும் தோட்டாக்களையும் சோதனைக்கு எடுத்துப் போனார்கள்.

அன்று சாயந்திரம் கொழுந்தனாரின் மனைவி வந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"அக்கா, அந்தத் தோட்டாவ நீங்க தெரியாம வாங்கிட்டேன்னு சொன்னா விட்டிருவாங்க. உங்கள என்ன செய்வாங்க, பொம்பள. அவரப் பிடிச்சா ஜெயில்ல பிரம்படி அக்கா, பொம்பளைக்கு அது கிடையாது" என்றாள்.

அவளை உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தேன். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் 'பொம்பள' என்ற அந்த வார்த்தை என்னைச் சுட்டது. என் கைக்கு முழுத் தோட்டா ஆகாது என்றவர்கள், பழியைச் சுமக்க மட்டும் என் தோளைத் தேடி வந்தார்கள்.

"சொல்ல மாட்டேன். அவரையே போய்ச் சொல்லச் சொல்லு. தானா போனா கொஞ்சமாவது பார்ப்பாங்க. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள போகலைன்னா நான் போறேன்" என்றேன்.

பெரியவர்கள் என்று நான்கு பேர் போன் செய்தார்கள். குடும்ப மானம் என்றார்கள். அந்தப் பன்றி ஒரு பிள்ளையைக் கிழித்திருந்தால் எந்த மானத்தை வைத்துத் தைத்திருப்பீர்கள் என்று கேட்டேன். ஒருவர் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் கொழுந்தனார் குண்டு வார்த்த அச்சையும் மிச்சத் தோட்டாக்கள் இருந்த டின்னையும் எடுத்துக்கொண்டு தானாகவே போலீசுக்குப் போனார். பன்றியைச் சுட்ட அவருடைய கூட்டாளியின் துப்பாக்கியைப் பறிமுதல் செய்தார்கள். வழக்கு ஈப்போவில் இன்னும் நடக்கிறது. சாட்சி சொல்ல என்னையும் அழைத்தார்கள். போனேன். நீதிமன்ற வராந்தாவில் அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். இளைத்திருந்தார்.

"ஒரு வார்த்தை எனக்காகச் சொல்லியிருக்கலாம் அண்ணி."

"சொல்லியிருந்தா நீ இன்னும் குண்டு வார்த்துக்கிட்டு இருந்திருப்ப தம்பி."

அவர் தலையை ஆட்டினாரா, குனிந்துகொண்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. உள்ளே கூப்பிட்டார்கள். போய், பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன்.

சோதனை முடிந்து துப்பாக்கியைத் திருப்பித் தந்தார்கள். உறவில் பல வீடுகளில் இப்போது எனக்குக் கல்யாணப் பத்திரிகை வைப்பதில்லை. தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு மட்டும் யாரும் அழைக்க வேண்டியதில்லை. இந்த வருடமும் போனேன். பெண்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள்; தாராளமாக இடம் கிடைத்தது. சாமி புறப்படும்வரை நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன்.