தடம் பார்த்த கந்தையா

இளவயதில் வன்னிக் காட்டில் யானை சுட்டவன் நான். இப்போது லண்டன் இல்ஃபோர்டில் இருந்துகொண்டு அந்தச் சாகசங்களை எழுதுகிறேன். போன மாதம் என் புத்தக வெளியீட்டுக்கு, எனக்குத் தடம் பார்த்துத் தந்த கந்தையாவின் மகள் வந்திருந்தாள்.

“அங்கிள், அப்பாவை யானை மிதிச்சுக் கொண்ட அண்டைக்கு, அவர் பயந்து ஓடினவரோ? இதில அப்பிடித்தான் இருக்கு.”

“ஓம் பிள்ளை.”

“பரவாயில்லை. அவரை மறக்காமல் எழுதினீங்களே. அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டப் போறன், கையெழுத்துப் போட்டுத் தாங்கோ.”

தடம் பார்ப்பவர் வெறுங்கையோடு முன்னால் போவார். அவருக்குக் காவல் பின்னால் வருபவனின் துப்பாக்கிதான். அன்று காயம்பட்ட யானை எங்கள் பக்கம் திரும்பியதும், துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடியவன் நான். கந்தையா அதை எடுக்கக் குனிந்தார்.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அன்று துப்பாக்கியைக் கீழே போட்ட அதே கையால்.