கௌசல்யாவின் பெயரை எடுத்தது நான்தான்

கௌசல்யாவின் வேலை போனதற்கு நான்தான் காரணம். அவளை நிறுத்தியதற்காக நிர்வாகத்தைத் திட்டித் தீர்த்தீர்களே நண்பர்களே, உங்களுக்கு இது தெரியாது. தெரிந்துகொள்ளுங்கள்!

மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டு. கப்பலில் சரக்கு ஏற்றும் இரும்புப் பெட்டி உள்ளே வந்து வெளியே போகும்வரை நடக்கும் வேலையெல்லாம் கணினியில் படிப்படியாக இருக்கும். ஒவ்வொரு படிக்கும் எதிரே ஒருவர் பெயர். யார் பெயரோ, அவர் போனுக்குத்தான் வேலை போய்ச் சேரும். அந்தப் பெயர்களைப் போடுவதும் எடுப்பதும் என் பொறுப்பு. சின்ன அதிகாரம்தான்... அதை வைத்துக்கொண்டு நான் ஆடிய ஆட்டம்!

பெட்டியின் படங்களைப் பார்த்து அனுப்புவது என் படி. அடுத்து, நேரில் போய்ச் சேதம் பார்ப்பது வியாசர்பாடி கௌசல்யாவின் படி. ஒருநாள் பக்கவாட்டில் கிழிந்திருந்த பெட்டியை, படத்தைக்கூடத் திறக்காமல் 'சரி' என்று தள்ளிவிட்டேன். அவள் திருப்பி அனுப்பினாள். அதோடு விட்டாளா? டிரைலர் ஓட்டுநர்கள் நடுவில் நின்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"இன்னாண்ணா, கண்ண மூடிக்கினு அமுக்கிட்டியா?"

அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் சொன்னது உண்மை என்பதால்தான் அத்தனை ஆத்திரம்! மறுநாள் அவள் படியிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை.

மதியம் வந்தாள். "அண்ணா, காலைலேர்ந்து ஒரு வேலையும் வர்ல. நெட்டு பேஜாரு பண்ணுதா?"

"சர்வர் மெதுவா கீதும்மா. வரும், உக்காரு."

உட்கார்ந்தாள். அடுத்த வாரமும் போனைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மேனேஜரிடம் சொல்லவா என்று கேட்டாள். நானே சொல்லிவிட்டேன் என்றேன்.

கொஞ்சம் அலையவிட்டுவிட்டுப் பெயரைத் திருப்பிப் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன்... பொய்! அப்படி ஒருநாளும் நினைக்கவில்லை. அவள் வேலையையும் சேர்த்துச் செய்து நல்ல பெயர் வாங்கினேன். இனித்தது. போதுமா?

மாதக் கடைசியில் மேனேஜர் அறிக்கையைப் பார்த்தார். அவள் பெயருக்கு நேரே ஒன்றுமில்லை. "இந்தப் பொண்ணு இங்க என்னதான்யா பண்ணுது?" என்று என்னைத்தான் கேட்டார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வாயைத் திறக்கவில்லை, பாவி! ஒப்பந்த ஆள்தானே, நாளையிலிருந்து வரவேண்டாம் என்றுவிட்டார்கள். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது என்று எனக்குத் தெரியும்.

அடையாள அட்டையைக் கொடுக்க என் மேசைக்கு வந்தாள். அழுத கண்.

"நான்தான் போன்ல இன்னாத்தையோ தப்பா அமுக்கிட்டேன் போலக்கீது. எனக்காக நீ பேசியிருப்பண்ணா. தெரியும்."

"ஆமாம்மா, பேசினேன்" என்றேன்.

எந்த நாக்கு இது? எப்படிப் புரண்டது?

இப்போது அவள் சாத்தாங்காட்டில் ஓர் இரும்புக் கடையைக் கூட்டிப் பெருக்குகிறாள். போன வாரம் அந்த வழியாகப் போனபோது பார்த்துவிட்டாள். வேறு யார்டில் கேட்டுப் பார்க்கலாமே என்றேன். "போன்ல செய்ற வேல வேணாம்ணா, எனக்கு அதெல்லாம் வராது" என்றாள். படத்தைத் திறக்காத என்னைக் கையும் களவுமாகப் பிடித்தவள்! அப்போதாவது சொல்லித் தொலைத்திருக்க வேண்டும்.

கடைக்காரரிடம் என்னைக் காட்டி, "எனக்காகப் பேசின அண்ணன்" என்றாள். டீ வாங்கிக் கொடுத்தாள்.

குடித்துவிட்டு வந்தேன்.