வாமன் அணைக்காத மெஷின்

வடிவு தரையைத் துடைத்து முடிக்கிற நேரத்தில்தான் வாமன் வருவார். ஈரத்தில் கால் வைக்க மாட்டார். தரை காயும்வரை லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு வெளிப்படியிலேயே உட்கார்ந்திருப்பார். ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை.

மண்டி மொஹல்லா என்ற பேட்டையில் ஒரு தனியார் ஆம்புலன்ஸ் ஆபீஸ் அது. அழைப்புகளெல்லாம் ஒரே கம்ப்யூட்டர் வழியாக வரும். அதற்குள் இரண்டு ஃபோன் கார்டுகள், ஒவ்வொன்றிலும் நாலு லைன். கார்டுகளைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் ‘டிரைவர்’ என்ற புரோகிராமை எழுதியவர் வாமன். அதே ஊரில் விஜயநகர் பகுதிக்காரர். உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் விரல் ஆடும். படைக்கும்போதே பகவானுக்கு ஏதோ அவசரம் என்று வடிவு நினைத்துக்கொள்வாள்.

அன்று மத்தியானம் நல்ல மழை. முதல் கார்டு அப்படியே உறைந்துவிட்டது. வண்டிகளில் எழுதியிருக்கும் ஃபோன் நம்பர்கள் வருவது அதில்தான். மேனேஜர் அருண்ராஜ் வாமனிடம் பாய்ந்து வந்தார்.

“மெஷினை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுய்யா!”

“பண்ணினா ரெண்டாவது கார்டும் சேர்ந்து போயிடும் சார். ஸ்ரீதேவி பேசிண்டிருக்கற லைன் அதுலதான்.”

அழைப்புகளை எடுக்கும் ஸ்ரீதேவி கன்னடத்தில் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள். ஸ்ரீரங்கப்பட்டணம் தாண்டி ஒரு கரும்புத் தோட்டத்தில் ரூபா என்ற பெண்ணுக்குப் பிரசவ வலி. கூட இருந்தது கணவன் மட்டும். டவர் வந்து வந்து போகிற இடம். அறுந்தால் திரும்பக் கிடைக்காது.

“உயிர் அங்க மட்டும்தானா? இந்த நாலு லைன்ல யார் யார் அடிக்கிறாங்களோ!”

அதுவும் நியாயம்தான். வடிவு துடைப்பத்தைப் பிடித்தபடி தன் சாமியிடம் முணுமுணுத்தாள். “மாதப்பா, ரெண்டு பக்கமும் நீதான் பாக்கோணும்.”

கம்ப்யூட்டரை அணைக்காமல் ஒரு கார்டை மட்டும் தூங்கவைத்து எழுப்பும் வழியை வாமன் டிரைவருக்குள் எழுதி வைத்திருந்தார். ஓட்டிப் பார்த்ததில்லை. கார்டின் அமைப்புகளைப் பத்திரப்படுத்தினார். ரீசெட் கொடுத்தார். அமைப்புகளைத் திருப்பிக் கொடுத்தார். கார்டு பேசவில்லை. தான் யார் என்பதே அதற்கு மறந்துபோயிருந்தது.

“அது முழிக்கறதுக்குள்ள நான் பேசிட்டேன்!” என்று தலையில் தட்டிக்கொண்டார். காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினார். மறுபடி ரீசெட். கைகளை அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டு நின்றார். அவர் அசையாமல் நின்று வடிவு அன்றுதான் பார்த்தாள்.

“இன்னும் என்னய்யா?”

“சத்த சும்மா இருங்கோ சார்!”

பச்சை விளக்குகள் எரிந்தன. எரிந்ததும் ஒரு ஃபோன் அடித்தது. ஸ்ரீதேவியின் அழைப்பும் அறுபடவில்லை. ஃபோனில் சைரன் சத்தம் கேட்கும்வரை அவள் பேசிக்கொண்டேயிருந்தாள். ஆனால் அது வேறு யாருடைய வண்டியோ. இவர்கள் வண்டி போய்ச் சேர்ந்தபோது தோட்டத்தில் ஆளில்லை. எந்த ஆஸ்பத்திரி, என்ன குழந்தை, ஒன்றும் தெரியவில்லை. அந்த நம்பரும் பிறகு எடுக்கவேயில்லை.

வரும்போதெல்லாம் வாமன் விசாரிப்பார். வடிவு விளக்கேற்றும்போது ரூபாவின் பேரையும் சேர்த்துக்கொண்டாள்.

வாமன் சென்னையில் வேலை கிடைத்துக் கிளம்பிய நாளில், தெருமுனை வரை போனவர் பையோடு திரும்பி வந்தார்.

“என்னத்த மறந்து உட்டுட்டுப் போனீங்க சாமி?”

“ஒண்ணும் மறக்கலை, வடிவம்மா. அந்தப் பொண்ணு நன்னா இருக்கான்னு எப்பவாவது தெரிஞ்சா, எனக்கு ஒரு ஃபோன் போடுங்கோ.”