அம்மோனியா தெரியாத மூக்கு

போன வருடக் காய்ச்சலில் அவளுக்கு மூக்கு செத்துப்போனது. வீட்டில் பால் கெட்டுவிட்டதா என்று முகர்ந்து பார்ப்பதெல்லாம் கணவன்தான்.

"மேடத்துகிட்ட சொல்லித் தொலையேன். நீ மல்லுக்கட்டுறது அம்மோனியாவோட!"

அவன் நச்சரிப்பதை அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை. பிள்ளைகள் தலையெடுத்த பிறகு ஆராய்ச்சிக்குத் திரும்பியவள். சொன்னால் பேராசிரியை ஆய்வுக்கூடத்து உலைப் பக்கமே விடமாட்டார் என்ற பயம்.

உலைக்குள் நீளமான குவார்ட்ஸ் குழாயைச் சூடேற்றி, அசிட்டிலீனையும் அம்மோனியாவையும் உள்ளே விடுவாள். இரும்புத் துகள் பூசிய தகட்டின்மேல், நைட்ரஜன் கலந்த கரி, கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்களாக முளைக்கும். எரிபொருள் மின்கலத்தில் விலையுயர்ந்த பிளாட்டினம் செய்கிற வேலையை அந்தக் கரியைச் செய்யவைத்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

அன்று கசிவு காட்டும் கருவி பழுதுக்குப் போயிருந்தது. அது இல்லாமல் உலையைத் தொடக்கூடாது. ஆனால் மறுநாள் உலை வேறு குழுவின் கைக்குப் போகிறது. உடன் வேலை செய்யும் நெட்டையன் இருக்கிறானே, அவன் மூக்கு போதும் என்று துணிந்து ஆரம்பித்துவிட்டாள்.

பாதியில் அவன், "அக்கா, ஸ்டோர் வரைக்கும் ஒரு எட்டு போயிட்டு வந்துடறேன்" என்று கிளம்பினான். போகாதே என்றால் காரணம் சொல்ல வேண்டும். தலையாட்டி அனுப்பிவைத்தாள்.

உலையிலிருந்து வெளியேறும் வாயு, அமில ஜாடியில் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. சட்டென்று குமிழ் நின்றது. வெளிவழி அடைத்துவிட்டது. அப்படியானால் உள்ளே போகிற வாயு எங்கே போகிறது? மூச்சை இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. அதற்குள் கண்கள் எரிந்து தாரையாய்க் கொட்டின. தொண்டை இறுகியது.

ஓடிவிடலாம். ஆனால் அசிட்டிலீனும் சேர்ந்து கசிகிறது, பக்கத்திலேயே பழுக்கக் காய்ந்த உலை. மூச்சை அடக்கிக்கொண்டு சுவரோரம் தடவிப் போய் இரண்டு வாயுக்களையும் அடைத்தாள். வாயு வெளியேறும் மாற்றுவழியைத் திறந்து, தீப்பிடிக்காத ஆர்கானை உள்ளே விட்டாள். உலையை அணைத்துவிட்டு வெளியே வந்து அபாய மணியை அழுத்தினாள்.

திரும்பி வந்த நெட்டையன் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டான். "என்னக்கா இது! இங்கயே இந்த நெடி அடிக்குதே, உள்ள எப்படி இருந்தீங்க?"

பேராசிரியையும் மூச்சிரைக்க வந்து நின்றார். இனி மழுப்ப வழியில்லை.

"எனக்கு வாசனை தெரியாது மேடம். ஒரு வருஷமா."

பேராசிரியைக்கு முகம் சிவந்தது. "செத்துப்போயிருப்ப. இவனையும் சேத்துக் கொன்னிருப்ப. புரியுதா?"

புரிந்தது. நெட்டையனை ஏறிட்டுப் பார்க்க அவளால் முடியவில்லை.

மூன்று மாதம் உலையைத் தொடத் தடை. பாதியில் நின்ற அந்தக் கரியை மின்முனையில் பூசிச் சோதித்தார்கள், எதற்கும் உதவவில்லை. தடை முடிந்ததும், சரிசெய்த கருவியைச் சட்டையில் மாட்டிக்கொண்டு மறுபடி உலைமுன் உட்கார்ந்தாள். நெட்டையன் நாற்காலியை இழுத்துப் பக்கத்திலேயே போட்டான்.

"டீ குடிக்கணும்னாகூட உங்ககிட்ட சொல்லாம நகர மாட்டேன்க்கா."

"நீ நகர்ந்தா நான் உலைய அணைச்சிடுவேன்" என்றாள் அவள்.